குடலின் கடிகாரமும் மருந்தின் கடிகாரமும்: தசைத்தளர்வு மீட்பு மருந்துகள் குடல் அறுவைக்குப் பின் செய்வதும் செய்யாததும்

குடல் அறுவை முடிந்த நோயாளியிடம் மறுநாள் காலைச் சுற்றில் மருத்துவர் கேட்கும் கேள்வி எந்த வார்டிலும் ஒன்றுதான்: "காற்று பிரிந்ததா?" கட்டிலுக்கு அருகில் நிற்கும் மனைவியும் மகனும் அதே விடைக்காகத்தான் இரவெல்லாம் காத்திருந்திருப்பார்கள். மூக்குக் குழாயை எடுப்பது, கஞ்சி கொடுப்பது, வீட்டுக்கு அனுப்பும் நாளைக் குறிப்பது எல்லாமே அந்த விடையைப் பார்த்துத்தான் நகரும். பெருங்குடல், மலக்குடல் அறுவை செய்துகொள்வோரில் ஏறத்தாழ 10 முதல் 30 விழுக்காட்டினருக்கு அந்த விடை நாள்கணக்கில் தள்ளிப்போகிறது. வயிறு உப்பி, வாந்தி எடுத்து, சிரைவழி நீரிலேயே நாளைக் கழிக்கும் இந்த நிலையை இக்கட்டுரையில் குடல் முடக்கம் என்று குறிக்கிறேன்.

அறுவைக்காகத் தளர்த்திய தசைகளை மீட்க மயக்க மருத்துவர் அறுவை மேசையில் கடைசியாகச் செலுத்தும் மருந்துக்கும் இந்த முடக்கத்துக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி அரை நூற்றாண்டுக்கு மேல் பழமையானது. வியப்பு என்னவென்றால், ஒரே மருந்தின் மீது இருவேறு காலங்களில் நேர் எதிரான இரண்டு குற்றச்சாட்டுகள் வந்திருக்கின்றன. நியோஸ்டிக்மின் குடலை அளவுக்கு மீறி இறுக்கி, தைத்த இணைப்பைப் பிரித்துவிடும் என்று 1960களில் அஞ்சினார்கள். நியோஸ்டிக்மின் கொடுத்தவர்களுக்குக் குடல் தாமதமாகவே அசைகிறது, அதற்கு மாற்றான சுகாமடெக்ஸ் கொடுத்தால் முன்னதாக அசைகிறது என்று இப்போது எழுதுகிறார்கள். இரண்டு கூற்றுகளும் எந்த அளவுக்குச் சான்றின் மேல் நிற்கின்றன என்று பார்ப்பதே இங்கு என் வேலை. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீட்பு மருந்தை நுரையீரலையும் தொண்டைத் தசையையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். குடலைக் காரணம் காட்டி எந்த மருந்தையும் உயர்த்தவோ விலக்கவோ இன்றுள்ள சான்று போதாது.

குடலுக்காகப் பிறந்த மருந்து

நியோஸ்டிக்மினின் பிறப்பு மயக்கவியலில் நிகழவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் கலபார் அவரையிலிருந்து எடுத்த பைசோஸ்டிக்மின், க்யூராரேயின் தசைச்செயலிழப்பை முறிக்கிறது என்பதை 1900இல் வியன்னாவில் யாகோப் பால் கவனித்தார். அதே குடும்பத்தில் செயற்கையாக உருவான நியோஸ்டிக்மின் 1931இல் மருத்துவத்துக்குள் வந்தபோது, அதன் முதல் பயன் சோம்பிய குடலைத் தூண்டுவது. 1930களின் நடுவில் மேரி வாக்கர் மயஸ்தீனியா நோயாளிகளிடம் இந்த வகை மருந்துகளைப் பயன்படுத்தி, தளர்ந்த கண்ணிமைகள் திறப்பதைக் காட்டினார். மான்ட்ரியலில் ஹரால்ட் கிரிஃபித்தும் ஈனிட் ஜான்சனும் 1942 ஜனவரியில் க்யூராரேயை அறுவை மயக்கத்துக்குள் கொண்டுவந்த பிறகுதான், அதை முறிக்க ஒரு மருந்து அன்றாடத் தேவையானது. ஆக, குடலைத் தூண்டப் பிறந்த மருந்து கையையும் மூச்சையும் மீட்கும் வேலைக்கு மாறியது. பழைய வேலையை அது மறக்கவில்லை.

மறக்காததற்குக் காரணம் அதன் இயக்கமுறையிலேயே இருக்கிறது. ரோகுரோனியம், வெகுரோனியம், அட்ராகுரியம் போன்ற தளர்த்திகள் நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் அசிட்டைல்கோலினுக்கு உரிய இருக்கையில் அமர்ந்துகொள்கின்றன. நியோஸ்டிக்மின் அவற்றை நேரடியாக எழுப்பிவிடுவதில்லை. அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியைத் தடுத்து, அதன் அளவைப் பெருக்கி, போட்டியில் அதை வெல்லவைக்கிறது. இந்தப் பெருக்கம் எலும்புத்தசையோடு நிற்காது. இதயம் வேகம் குறையும், உமிழ்நீர் பெருகும், மூச்சுக்குழாய் இறுகும், குடல் முறுக்கும். இவற்றை அடக்கத்தான் மஸ்கரினிக் ஏற்பிகளை மறிக்கும் அட்ரோபினோ கிளைகோபைரோலேட்டோ உடன் போகிறது. இந்தியாவில் 2.5 மில்லிகிராம் நியோஸ்டிக்மினும் 0.5 மில்லிகிராம் கிளைகோபைரோலேட்டும் ஒரே 5 மில்லிலிட்டர் குப்பியில் கலந்தே கிடைக்கின்றன. அறுவை அரங்கில் அதற்கு "ரிவர்சல்" என்றுதான் பெயர். "ரிவர்சல் கொடுத்தாயிற்றா?" என்று கேட்கும் நேரத்தில், எதிரெதிராக இழுக்கும் இரண்டு மருந்துகளைக் கொடுத்திருக்கிறோம் என்பது மனத்தில் எழுவதில்லை. குடல் பற்றிய வாதத்தில் பாதிக் குழப்பம் இந்த ஒற்றைப் பெயரிலிருந்து வருகிறது என்பது என் கருத்து.

இரண்டையும் பிரித்துப் பார்க்க இயற்கையே ஒரு சூழ்நிலையை அமைத்துத் தந்திருக்கிறது. அடைப்பே இல்லாமல் பெருங்குடல் பலூன்போல் வீங்கும் நிலையை 1948இல் ஹெனேஜ் ஓகில்வி விவரித்தார். இன்று அது அவர் பெயராலேயே வழங்குகிறது. போனெக் குழுவினர் 1999இல் வெளியிட்ட ஆய்வில் இத்தகைய 21 நோயாளிகள் இருந்தார்கள். அவர்களில் 11 பேருக்கு 2 மில்லிகிராம் நியோஸ்டிக்மினைச் சிரைவழி கொடுத்தார்கள், 10 பேருக்கு வெறும் உப்புநீர். நியோஸ்டிக்மின் பெற்ற 11 பேரில் 10 பேருக்குக் குடல் உடனே வடிந்தது. இடைநிலை நேரம் 4 நிமிடம். உப்புநீர் பெற்றவர்களில் ஒருவருக்கும் வடியவில்லை. அங்கே அட்ரோபின் உடன் போகவில்லை. இதயத்துடிப்பு குறைந்தால் கொடுக்கக் கட்டிலருகே வைத்திருந்தார்கள், இருவருக்குத் தேவையும் பட்டது. தனியே போகும் நியோஸ்டிக்மின் பெருங்குடலுக்கு என்ன செய்யும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஆய்வு எனக்குத் தெரியவில்லை.

கிளைகோபைரோலேட் சேர்ந்தால் இந்த விளைவு முழுதாக அழிந்துவிடுமா? அழிந்துவிடும் என்றே பலர் எடுத்துக்கொள்கிறார்கள். சுகாமடெக்ஸுக்குச் சாதகமாக எழுதுபவர்களின் விளக்கமும் பெரும்பாலும் இதன்மேல்தான் நிற்கிறது: நியோஸ்டிக்மினின் தூண்டல் சீக்கிரம் போய்விடும், கிளைகோபைரோலேட்டின் தடை நீடிக்கும், அதனால் குடல் தாமதிக்கும் என்பது அந்த விளக்கம். கேட்க ஒழுங்காக இருக்கிறது. ஆனால் அமெரிக்காவில் தண்டுவடக் காயம்பட்டவர்களிடம் கோர்ஸ்டன் குழுவினர் செய்த ஆய்வு இதற்குக் குறுக்கே நிற்கிறது. மலம் கழிக்கப் பெரும்பாடு படும் அந்த நோயாளிகளுக்கு 2 மில்லிகிராம் நியோஸ்டிக்மினோடு 0.4 மில்லிகிராம் கிளைகோபைரோலேட்டைக் கலந்து கொடுத்தபோதும் குடல் காலியானது. இதயத் துடிப்புக் குறைவும் மூச்சுக்குழாய் இறுக்கமும் மட்டும் தணிந்தன. நம் குப்பியில் இருப்பதும் அதே ஐந்துக்கு ஒன்று விகிதம்தான்.

இதில் விந்தை ஒன்றும் இல்லை. மஸ்கரினிக் தடுப்பிகளுக்கு உறுப்புகள் ஒரே அளவில் பணிவதில்லை என்பது மருந்தியலின் பழைய பாடம். மிகக் குறைந்த அளவிலேயே உமிழ்நீரும் வியர்வையும் வற்றும். அதற்கு மேல் போனால் இதயமும் கண்பாவையும் கட்டுப்படும். குடலையும் சிறுநீர்ப்பையையும் அடக்க இன்னும் அதிகம் வேண்டும். மீட்பு மருந்தில் சேரும் கிளைகோபைரோலேட் இதயத்தை நோக்கி அளந்தது. அதே அளவு குடலை முழுதாக மறிக்கும் என்று கொள்ள முடியாது. தண்டுவடக் காயமுற்ற குடலும், நேற்று வெட்டித் தைத்த குடலும் ஒன்றல்ல என்ற மறுப்பை ஏற்கிறேன். ஆனால் அந்த மறுப்பு எதிர்த்தரப்பையும் அதே அளவு தாக்கும். இயக்கமுறையை மட்டும் வைத்துப் பார்த்தால், நியோஸ்டிக்மின்–கிளைகோபைரோலேட் கலவை குடலுக்கு உதவுமா, தடையாகுமா என்று அதன் திசையைக்கூட உறுதியாகச் சொல்ல முடியாது.

இணைப்பு பிரியும் என்ற அச்சம்

பெல், லூயிஸ் இருவரும் 1968இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதிய கட்டுரை சிறுகுடலையும் மலக்குடலையும் இணைக்கும் அறுவையில் நியோஸ்டிக்மினின் பங்கை ஆராய்ந்தது. நியோஸ்டிக்மின் பெற்றவர்களிடம் இணைப்புக் கசிவு மிகுதி என்று அது எச்சரித்தது. அந்தக் கவலைக்கு அடிப்படை இருந்தது. குடலுக்குள் அழுத்தம் ஏறினால் தையல் இழுபடும், சுவர் இறுகினால் அங்கு இரத்த ஓட்டம் குறையும் என்று அஞ்சினார்கள். அன்று தைத்தவர்கள் கையால் தைத்தார்கள், கசிவு என்றால் பெரும்பாலும் மரணத்தின் வாசல். அத்தகைய காலத்தில் ஒரு சிறு ஐயம்கூட நடைமுறையை மாற்றப் போதுமானது. அறுவை மருத்துவர் திரைக்கு மேலாக எட்டிப் பார்த்து "நியோஸ்டிக்மின் வேண்டாம்" என்று சொல்லும் வழக்கம் பின்னும் பல தலைமுறை நீடித்தது.

அந்தக் கட்டுரையைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் அது ஒரு சிறிய நோயாளித் தொகுதியின் அனுபவம், குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஒப்பீடு அன்று. கசிவை முடிவு செய்யும் காரணிகள் எல்லாம் கனமானவை: இணைப்பின் இரத்த ஓட்டம், இழுவிசை, நோயாளியின் ஊட்டம், ஸ்டீராய்டு, புகைப்பழக்கம், மலக்குடலில் இணைப்பு எவ்வளவு கீழே இருக்கிறது என்பது. ஒருமணி நேரத்தில் பாதியாகக் கரைந்துபோகும் ஒரு மருந்தின் பங்கு, நான்காம் நாளிலோ ஏழாம் நாளிலோ தெரியவரும் கசிவில் இவற்றை மிஞ்சி நிற்கும் என்று நம்ப வலுவான சான்று வேண்டும். அது பின்னர் வந்து சேரவில்லை. உலகம் முழுவதும் குடல் அறுவைகளில் நியோஸ்டிக்மின் பல பத்தாண்டுகளாகப் புழங்கியிருக்கிறது. அறுவைக்குப் பின் பெருங்குடலின் அசைவை அது கூட்டுகிறது என்று ஜெர்மனியில் கிரைஸ் குழுவினர் 2001இல் அழுத்த அளவைகளால் காட்டினார்கள். அவர்கள் அதை முடக்கத்துக்கு மருந்தாகலாம் என்ற நம்பிக்கையோடு முன்வைத்தார்கள். ஒரே விளைவு முப்பது ஆண்டுகளில் ஆபத்திலிருந்து நம்பிக்கையாக மாறிவிட்டது.

சுகாமடெக்ஸ் என்னும் வெற்றிடம்

சுகாமடெக்ஸ் முற்றிலும் வேறு வகை. எட்டு சர்க்கரை அலகுகள் வளையமாகச் சேர்ந்த மூலக்கூறு அது. ஸ்காட்லாந்தில் ஆர்கனான் ஆய்வுக்கூடத்தில் ஆன்டன் பாம் முன்னின்று உருவாக்கியது. ரோகுரோனியத்தையோ வெகுரோனியத்தையோ ஒன்றுக்கு ஒன்றாகத் தன் குழிக்குள் சிறைப்பிடித்துச் சிறுநீரகம் வழியே வெளியேற்றுகிறது. அட்ராகுரியத்தை அது தொடாது, அட்ராகுரியம் நிறையப் புழங்கும் அரங்குகளில் இதை மறக்கக் கூடாது. ஐரோப்பாவில் 2008இலும் அமெரிக்காவில் 2015 டிசம்பரிலும் அனுமதி பெற்றது. வேகத்தில் அதற்கு இணை இல்லை. 2017இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வின்படி மிதமான தளர்விலிருந்து மீள சுகாமடெக்ஸுக்குச் சராசரியாக 2 நிமிடம் போதும், நியோஸ்டிக்மினுக்கு ஏறத்தாழ 13 நிமிடம். ஆழ்ந்த தளர்வில் முறையே 3 நிமிடமும் 49 நிமிடமும்.

குடலைப் பொறுத்தவரை அதன் இயல்பு ஒன்றே ஒன்று: அசிட்டைல்கோலினை அது தொடுவதில்லை. குடலை அசைக்கவும் செய்யாது, அடக்கவும் செய்யாது. எனவே "சுகாமடெக்ஸ் குடல் மீட்சியை விரைவாக்குகிறது" என்று எழுதும்போது வாக்கியத்தின் எழுவாயே தவறிவிடுகிறது. சுகாமடெக்ஸ் பெற்றவர் ஒப்பீட்டில் வெற்றுக் குழு மாதிரி. வேறுபாடு உண்மையிலேயே இருந்தால், அது மறுபுறத்தில் இருப்பது. நியோஸ்டிக்மின்–கிளைகோபைரோலேட் கலவை தாமதப்படுத்துகிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. கேள்வி இப்படித் திரும்பியதும் சான்றைப் பார்க்கும் கண்ணும் மாற வேண்டும்.

வேறுபாட்டைக் காட்டும் ஆய்வுகள் இல்லாமல் இல்லை. மாயோ கிளினிக்கிலிருந்து 2019இல் வெளிவந்த ஒன்று, பழைய பதிவேடுகளைப் புரட்டி, சுகாமடெக்ஸ் பெற்றவர்களுக்கு முதல் மலம் கழிதல் முன்னதாக நிகழ்ந்ததாகக் கண்டது. அதன் பின்னும் அதே போக்கில் சில வந்தன. இவற்றை வாசிக்கும்போது என் மனத்தை உறுத்துவது காலம். அமெரிக்காவில் 2015 டிசம்பருக்கு முன் சுகாமடெக்ஸ் பெற்றவர் வழக்கமான சிகிச்சையில் எவரும் இருக்க முடியாது. பின்னோக்கிப் பார்க்கும் ஆய்வில் நியோஸ்டிக்மின் குழு பெரும்பாலும் முந்தைய ஆண்டுகளிலும், சுகாமடெக்ஸ் குழு பிந்தைய ஆண்டுகளிலும் வந்து விழும். கோபன்ஹேகனில் ஹென்ரிக் கெலெட் 1990களில் தொடங்கிவைத்த விரைவு மீட்பு முறை மருத்துவமனை மருத்துவமனையாகப் பரவிக்கொண்டிருந்ததும் ஏறத்தாழ இதே ஆண்டுகளில்தான். ஓபியாய்டைக் குறைப்பது, சிரைநீரை அளந்து கொடுப்பது, லேப்ராஸ்கோப் வழி அறுவை, அன்று மாலையே எழுப்பி நடத்துவது, சீக்கிரம் வாய்வழி உணவு என்று குடலுக்கு நல்லது செய்யும் அனைத்தும் அந்த அலையில் வந்தவை. மருந்தை மாற்றிய அரங்கில் மற்றவையும் மாறியிருக்கும். புள்ளியியல் சரிசெய்தல் இவற்றில் பதிவேட்டில் எழுதியவற்றை மட்டுமே எட்டிப் பிடிக்கும்.

எதிர்த்திசைச் சார்பும் உண்டு. விலை கூடிய மருந்தை முதியோர், உடல் பருத்தோர், நீண்ட அறுவையினர் ஆகியோருக்கு ஒதுக்கும் மருத்துவமனைகளில் சுகாமடெக்ஸ் குழுதான் நலிந்த குழு. அங்கே உண்மையான நன்மைகூட மறைந்துபோகலாம். ஆழ்ந்த தளர்வில் வைத்துக் குறைந்த வாயு அழுத்தத்தில் லேப்ராஸ்கோப் செய்ய சுகாமடெக்ஸ் இடம் தருகிறது. அதன் வழியாகக் குடலுக்கு நன்மை வந்தால் அதை மீட்பு மருந்தின் கணக்கில் எழுதுவதா, அழுத்தத்தின் கணக்கில் எழுதுவதா?

நாளும் மணியும்

அறுவைக்குப் பின் சிறுகுடல் 24 மணி நேரத்துக்குள் விழிக்கிறது. இரைப்பைக்கு 24 முதல் 48 மணி, பெருங்குடலுக்கு 48 முதல் 72 மணி ஆகும். முடக்கம் இரண்டு கட்டமாக நடக்கிறது. முதல் கட்டம் நரம்புவழி: வயிற்றுச் சுவரை அறுத்ததும் பரிவு நரம்புகள் குடலை உடனே நிறுத்திவிடுகின்றன. இது சில மணி நேரத்தில் தளரும். இரண்டாவது கட்டம் அழற்சி. பிட்ஸ்பர்கில் கால்ஃப், பாவர் குழுவினர் 1998இல் எலிகளில் காட்டியதுபோல, கையால் தொட்டுப் புரட்டிய குடலின் தசையடுக்கில் வெள்ளணுக்கள் வந்து குவிகின்றன. தொட்ட இடத்தில் தொடங்கும் அந்த அழற்சி தொடாத இடத்தையும் நிறுத்திவைக்கிறது. மூன்று நான்கு மணி கழித்துத் தொடங்கி நாள்கணக்கில் நீள்வது இதுவே. வார்டில் நாம் காணும் நீண்ட முடக்கம் பெரும்பாலும் இந்த இரண்டாம் கட்டத்தைச் சேர்ந்தது.

இதன் பக்கத்தில் மருந்துகளின் காலத்தை வைத்துப் பாருங்கள். நியோஸ்டிக்மினின் அரைவாழ்வு ஏறத்தாழ ஒரு மணி. கிளைகோபைரோலேட் வேகஸ் நரம்பின் விளைவை 2 முதல் 3 மணி நேரம் மறிக்கிறது, உமிழ்நீரை 7 மணி நேரம்வரை வற்றவைக்கிறது. இரண்டும் சேர்ந்து அன்று இரவுக்குள் விடைபெற்றுவிடுகின்றன. குடல் விழிப்பது நாளை மறுநாள். மூன்று மணி நேரம் தங்கிய ஒரு விருந்தாளியால் மூன்றாம் நாள் காலையின் நேரம் மாறுகிறது என்று சொல்ல வேண்டுமானால், இடையில் நடந்தது என்ன என்பதைக் காட்ட வேண்டும்.

அப்படி ஒரு தொடர்பு இருக்கக்கூடும் என்று நினைக்க ஓரிடம் மட்டும் இருக்கிறது. இந்தப் பொருளில் என்னை மிகவும் ஈர்ப்பதும் அதுதான். வேகஸ் நரம்பு அழற்சியை அடக்கும் என்ற கருத்தை கெவின் டிரேஸி குழுவினர் 2000இல் முன்வைத்தார்கள். ஆம்ஸ்டர்டாமில் டி யோங்கெ, பூக்ஸ்டான்ஸ் குழுவினர் 2005இல் எலிகளின் வேகஸ் நரம்பைத் தூண்டி, குடல் தசையிலுள்ள மேக்ரோபேஜ்களின் கிளர்ச்சி குறைவதையும் முடக்கம் தணிவதையும் காட்டினார்கள். அங்கே செய்தி கொண்டுபோவது அசிட்டைல்கோலின், அதைக் கேட்பது நிகோட்டினிக் ஏற்பி. மேக்ரோபேஜ்கள் கிளர்ந்தெழும் அந்த முதல் சில மணி நேரமும், மீட்பு மருந்து உடலில் இருக்கும் நேரமும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. கிளைகோபைரோலேட் மஸ்கரினிக் ஏற்பியை மட்டுமே மறிக்கிறது, நிகோட்டினிக் பாதையை விட்டுவிடுகிறது. ஆக, கோட்பாட்டளவில், நியோஸ்டிக்மின் குடலை அசைப்பதைவிட அழற்சியைத் தணிப்பதன் மூலம் மூன்றாம் நாளைத் தொட முடியும். அப்படியானால் விளைவு நியோஸ்டிக்மினுக்குச் சாதகமாக வரவேண்டும், பின்னோக்கு ஆய்வுகள் சொல்வதற்கு நேர் எதிராக. எலியிலிருந்து நான் இழுக்கும் ஊகம் இது. மனிதரில் மீட்பு மருந்தின் ஒற்றை அளவு அந்த வேலைக்குப் போதுமா என்பது தனியே சோதிக்க வேண்டியது. ஆனால் கிளைகோபைரோலேட் நீடிக்கிறது என்ற ஒரு காரணத்தை மட்டும் சொல்லி முடிவு கட்டுபவர்கள் இந்தப் பாதையையும் கணக்கில் எடுக்கக் கடமைப்பட்டவர்கள்.

வாய் வறட்சியையும் இங்கே சொல்ல வேண்டும். ஏழு மணி நேரம் நாக்கு ஒட்டிக்கிடக்கும் நோயாளி ஈரப்பஞ்சை உதட்டில் வைக்கச் சொல்லிக் கெஞ்சுவார். அவரிடம் சூயிங்கம் மெல்லச் சொன்னாலும் மெல்ல மாட்டார். விரைவு மீட்பு முறையின் சிறிய படிகள் இப்படித்தான் நழுவுகின்றன. குடலுக்குப் போகும் வழி சில வேளைகளில் வாயிலிருந்தே தொடங்குகிறது. இதை அளந்த ஆய்வு அரிது, ஆனால் ஈரப்பஞ்சைப் பிடித்த செவிலியர் எல்லோரும் கண்டது.

எதை அளக்கிறோம்

"காற்று பிரிந்தது 41 மணி நேரத்தில்" என்று ஒரு கட்டுரை எழுதினால், அந்த 41 எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். நோயாளி உறக்கத்தில் இருந்திருக்கலாம். கூச்சத்தால் சொல்லாமல் இருந்திருக்கலாம், பெண்கள் வார்டில் இது மிகச் சாதாரணம். செவிலியர் பணிநேரம் மாறும்போது கேட்டு எழுதியிருக்கலாம், காலைச் சுற்றில் மருத்துவர் கேட்டபோதுதான் பதிவாகியிருக்கலாம். எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்து எழுதும் ஒரு நிகழ்வில் சில மணி நேர வேறுபாட்டைக் கண்டுபிடித்ததாகச் சொல்வது, முழம் மட்டும் குறித்த கோலால் விரற்கடையை அளப்பது. பதிவேட்டைப் பின்னோக்கிப் பார்க்கும் ஆய்வுகளில் இந்தக் கரடுமுரடு இன்னும் கூடும்.

அதைவிட அடிப்படையான குறை ஒன்றுண்டு. காற்று பிரிவதும் குடல் மீள்வதும் ஒன்றல்ல. மலக்குடலில் தங்கியிருந்த காற்று வெளியேறிவிட்டு, மேலே இரைப்பை அன்றிரவும் உப்பிக்கிடப்பதை நாம் எல்லோரும் பார்த்திருப்போம். அதனால்தான் திட உணவு தங்குவதையும் மலம் கழிவதையும் சேர்த்து அளக்கும் கூட்டுக் குறியீடு வந்தது. பெருங்குடல் எப்போது உண்மையில் இயங்கத் தொடங்கியது என்பதோடு அது நன்றாகப் பொருந்துகிறது. மீட்பு மருந்துகளை ஒப்பிடும் ஆய்வுகளில் ஒரு பகுதி வயிற்றைத் தொடாத அறுவைகளில் நடந்தது. முடக்கமே இல்லாத குடலில் காற்று பிரிந்த நேரத்தை ஒப்பிட்டு, வெட்டித் தைத்த குடலுக்கு முடிவு சொல்ல முடியாது.

சிரைவழி லிடோகெய்னின் கதை நமக்கு எச்சரிக்கையாக இருக்கட்டும். குடல் மீட்சியை அது விரைவாக்கும் என்று சிறிய ஆய்வுகள் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தன, தொகுப்பாய்வுகளும் தலையாட்டின. பிரிட்டனில் 27 மருத்துவமனைகளில் 590 பேரைச் சேர்த்து நடத்திய ஆலெக்ரோ ஆய்வு, 72 மணி நேரத்தில் குடல் மீண்டவர்களின் பங்கில் பயனுள்ள வேறுபாடு எதையும் காணவில்லை. லிடோகெய்னாவது மணிக்கணக்கில் தொடர்ந்து போகும் மருந்து, அழற்சியைத் தணிக்கும் இயக்கமுறையும் உடையது. ஒரே முறை செலுத்தி முடியும் மீட்பு மருந்தின் மீது அதைவிடப் பெரிய நம்பிக்கையை வைக்க என்ன காரணம் இருக்கிறது?

மூச்சுக்கு உரிய மருந்து

இவ்வளவு சொன்னபின் சுகாமடெக்ஸை நான் எதிர்ப்பதாக யாரும் கொள்ள வேண்டாம். அதன் உண்மையான வலிமை வேறிடத்தில் இருக்கிறது, அங்கே அது பெரியது. அமெரிக்காவில் 12 மருத்துவமனைகளின் 45,712 நோயாளிகளை இணைசேர்த்து ஒப்பிட்டு கெட்டர்பால் குழுவினர் 2020இல் வெளியிட்ட ஆய்வில், பெரும் நுரையீரல் சிக்கல்கள் சுகாமடெக்ஸ் குழுவில் 3.5 விழுக்காடு, நியோஸ்டிக்மின் குழுவில் 4.8 விழுக்காடு. இதுவும் கவனிப்பு ஆய்வுதான், நான் மேலே சொன்ன காலச்சார்பு இதையும் முழுதாக விடாது. ஆனால் இங்கே இயக்கமுறையின் திசையில் ஐயம் இல்லை. தசைத்தளர்வு எவ்வளவு மீண்டது என்பதைக் காட்டும் நான்கு தூண்டல் விகிதம் 0.9க்குக் கீழே இருக்கும்போது தொண்டைத் தசைகள் விழுங்குவதில் தடுமாறுகின்றன என்பதை ஸ்வீடனில் எரிக்சன், சுண்ட்மன் குழுவினர் தன்னார்வலர்களிடம் நேரடியாகக் காட்டியிருக்கிறார்கள். நிகழ்வும் மருந்து உடலில் இருக்கும் அதே மணி நேரத்தில்தான் நடக்கிறது.

குடல் நோயாளியை இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் மீட்பு மருந்தின் பொருள் முழுதாகத் தெரிகிறது. வயிறு உப்பியவர், வாந்தி எடுக்கக்கூடியவர், மேல்வயிற்று வெட்டின் வலியால் ஆழ்ந்து இருமத் தயங்குபவர். இவரிடம் தொண்டைத் தசை அரைகுறையாக மீண்டிருந்தால் வாந்தி நுரையீரலுக்குள் போகும். முடக்கத்தை மீட்பு மருந்து தடுக்காமல் போகலாம். முடக்கத்தால் வரும் மிகக் கொடிய விளைவை அது தடுக்க முடியும். 2023இல் அமெரிக்க மயக்கவியல் சங்கம் வெளியிட்ட வழிகாட்டி, எண்ணளவில் அளக்கும் கருவியைக் கொண்டு விகிதம் 0.9 ஆனதை உறுதிசெய்த பின்பே சுவாசத்துக்கு வைத்த குழாயை எடுக்கச் சொல்கிறது. ஆழ்ந்த தளர்விலிருந்து மேலோட்டமான தளர்வுவரை சுகாமடெக்ஸையும், மிகச் சிறிதே எஞ்சிய நிலையில் நியோஸ்டிக்மினைத் தக்க மாற்றாகவும் ஏற்கிறது. இதில் குடல் ஒரு வாதமாக இடம்பெறவில்லை, இடம்பெறத் தேவையும் இல்லை.

விலை நெருக்கடி உள்ள மருத்துவமனைகளில் இதன் விளைவு நேரடியானது. குடல் சீக்கிரம் அசையும் என்ற பேச்சை நம்பி, மயக்க வரவுசெலவில் பெரும் பங்கைக் குடல் அறுவைகளுக்கான சுகாமடெக்ஸில் கரைத்துவிட்டு, நரம்புத் தூண்டல் அளவி ஒன்றுகூட வாங்காமல் இருப்பது நோயாளிக்குச் செய்யும் அநீதி. அளவி இருந்தால், அட்ராகுரியம் பெற்ற நோயாளியின் விகிதம் தானாகவே 0.9ஐத் தாண்டியிருப்பதைப் பல நேரம் காணலாம். அப்போது எந்த மீட்பு மருந்தும் தேவையில்லை, கிளைகோபைரோலேட்டும் தேவையில்லை. சிறிதே எஞ்சியிருந்தால் நியோஸ்டிக்மினைக் குறைத்துக் கொடுக்கலாம், அதோடு கிளைகோபைரோலேட்டும் குறையும். முழுக் குப்பியைப் பழக்கத்தால் எல்லோருக்கும் ஏற்றுவதைவிட, குடலின் பெயரால் செய்யத்தக்க மாற்றம் இதுதான் என்று நினைக்கிறேன்.

சரியான ஆய்வு எப்படி இருக்கும் என்பதும் இதிலிருந்தே வருகிறது. ஒரே மருத்துவமனை, ஒரே காலம், ஒரே விரைவு மீட்பு முறை. எல்லோருக்கும் ரோகுரோனியம். மூன்று குழுக்கள்: சுகாமடெக்ஸ், நியோஸ்டிக்மின்–கிளைகோபைரோலேட், மூன்றாவதாக அளவியின் கண்காணிப்பில் தானாக 0.9ஐ எட்டும்வரை காத்திருந்து எந்த மீட்பு மருந்தும் பெறாதவர்கள். இந்த மூன்றாவது குழு இல்லாமல், சுகாமடெக்ஸ் உதவியதா, கலவை தடுத்ததா என்று ஒருபோதும் பிரிக்க முடியாது. கலவை உதவினாலும் தடுத்தாலும் சுகாமடெக்ஸ் குழுவும் மூன்றாம் குழுவும் ஒன்றாகவே நடந்துகொள்ள வேண்டும், அப்படி நடக்காவிட்டால் நம் இயக்கமுறை விளக்கம் முழுவதும் தவறு. முடிவாக அளக்க வேண்டியது திட உணவு தங்கி, மலம் கழிந்த நேரம். அதைப் பதிவுசெய்வது வார்டுச் சுற்றில் கேட்கும் மருத்துவராக இருக்கக் கூடாது. தலையணைக்கு அடியில் ஒரு சிறு அட்டையும் பென்சிலும், சுவரில் நோயாளிக்குத் தெரியும்படி ஒரு கடிகாரமும் இருந்தால், நேரத்தை அவரே குறித்துக்கொள்வார்.